வேலைக்குப் போகாத பல்லக்கா

எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று பல்லக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வாயைப் பார்த்துப் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். அவருடைய பார்வை என் மேலுதட்டுக்குக் கீழேயே நின்றது. காலையில் சாப்பிட்டது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஒட்டல" என்றார். "முன்பல்லுல இடது பக்கம் ஒண்ணு கட்டினதுதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பக்கத்துல இருக்கறதைவிட அது ரொம்ப நல்லா இருக்கு. சொந்தப் பல்லுன்னா அதுக்குன்னு ஒரு குறை இருக்கும். அவசரத்துல கட்டிட்டாங்க போல."

நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் வாடகை சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட பல் அது. ஓர் ஊர் சலித்தால் அடுத்த ஊர், ஒரு நாடு சலித்தால் அடுத்த நாடு என்று சுற்றினேன். எந்த வாசலிலும் என்னை யாரும் ஏன் வந்தாய் என்று இரண்டாம் முறை கேட்டதில்லை. திரும்பி வந்தபோது என்னிடம் சில மொழிகள் இருந்தன, வேலை இல்லை. மொழிபெயர்ப்பதற்காக இந்த அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே நாங்கள் செய்வது லேசாகச் சொல்லிவிடக்கூடிய வேலை. தொழில் தெரிந்த அகதிகளுக்கு வெளிநாட்டில் வேலை தேடித் தருகிறோம். அங்கே ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற தொழிற்கூடங்கள் இருக்கின்றன. இங்கே வெல்டரும் நர்ஸும் லிஃப்ட் மெக்கானிக்கும் சும்மா இருக்கிறார்கள், அல்லது சும்மா இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கிருக்கும் முதலாளி ஒருவர் இவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் குடும்பத்தோடு போய்விடலாம். போகிற இடத்தில் அகதி என்ற பெயர் கிடையாது. வேலைக்கு வந்தவர், அவ்வளவுதான்.

பல்லக்கா பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்; அந்த அச்சை வைத்துப் பல்லை உண்டாக்குகிறவர். பல்லுக்கு மேல் மாட்டும் கேப், இடைவெளியை நிரப்பும் பாலம், முழுப் பல்செட் எல்லாம். அவருடைய நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். மெழுகில் பல்லைச் செதுக்குவது, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றுவது, உலையில் வைத்துச் சுடுவது. அங்கே அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள்கூட இருந்தார்கள். பிறகு சண்டை வந்தது, ஆஸ்பத்திரி போனது. கணவரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். எல்லோருக்கும் வாத்தியார். "வருஷக்கணக்கா போர்டுல எல்லைக்கோடு வரைஞ்ச மனுஷன்" என்பார் பல்லக்கா. "நிஜ எல்லைக்கு வந்ததும் எந்தப் பக்கம் போகணும்னு என்னைக் கேக்கறார்." வாத்தியார் இதை எத்தனையாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்.

இந்த நாட்டில் அவர்கள் தங்கலாம். வேலை செய்யக் கூடாது. வேலை செய்தது தெரிந்தால் தங்கவும் முடியாது. சட்டம் அவ்வளவு சுருக்கமானது. ஆனால் வீட்டு வாடகை இருந்தது, பிள்ளைக்குச் செருப்பு சிறிதாகிக்கொண்டே இருந்தது. அதனால் பல்லக்கா ஒரு பல் டாக்டரின் கட்டடத்துக்கு அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்த பல் செய்யும் கூடத்துக்கு வேலைக்குப் போனார். அந்தக் கூடத்தின் முதலாளி கெட்டவர் இல்லை. பாதிச் சம்பளம்தான் கொடுத்தார், ஆனால் தேதி தவறாமல் கொடுத்தார். சோதனைக்கு யாராவது வந்தால் மேலேயிருந்து ஒரு மணி அடிக்கும். உடனே பல்லக்கா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்படி வழியாக மேலே ஏறி, டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்களோடு போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் ஒரு கை.

"ஒரு தடவை அந்த நர்ஸ் புதுசு. விஷயம் தெரியாம என் முறைன்னு கூப்பிட்டுட்டா. சோதனைக்காரர் எதிர்லயே நிக்கறார். நான் எந்திரிச்சுப் போய் நாற்காலியில படுத்தேன். டாக்டரும் வாயைத் திறக்கச் சொல்லிட்டார். பாத்தா நிஜமாவே ஒரு பல்லுல சொத்தை. அடைச்சு அனுப்பினார். பொய்யா வலின்னு சொல்லிப் போனவளுக்கு ராத்திரி முழுக்க நிஜ வலி."

இதைச் சொல்லும்போது எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். பல்லக்கா என்ற பெயர் அவர் வீடு இருந்த கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் வைத்தது. உடைந்த பல்செட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். வெளியாள் யாராவது கூட இருந்தால் மட்டும் வெறும் அக்கா.

நான் அவர்கள் வீட்டுக்கு முதல்முறை போனபோது கதவைத் திறந்தது மகள். பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் வந்துகொண்டிருந்த வயது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போறதில்ல. வீட்டுலதான் இருக்காங்க. இப்ப மருந்து வாங்கப் போயிருக்காங்க."

உள்ளேயிருந்து பல்லக்காவின் குரல் வந்தது. "யாருடி அது? ஆபீஸ் சித்தியா? அவங்க நம்ம ஆளு. விடு, விடு."

"நம்ம ஆளுன்னா மொதல்லயே சொல்லணும்" என்று என்னிடம் கோபித்துக்கொண்டு வழிவிட்டாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து பல் செய்யும் கூடம் ஒன்று ஆள் கேட்டு எங்களுக்கு எழுதியிருந்தது. நேர்காணல் கணினித் திரையில். எதிர்ப்பக்கத்தில் அந்தக் கூடத்தின் தலைவி, நரைத்த கிராப்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எங்களுக்குள் அவருக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அன்று இணைய இணைப்பு படுத்துவிட்டதால் பல்லக்கா வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மடிக்கணினி உயரம் போதவில்லை. வாத்தியார் எல்லை தாண்டும்போது தூக்கிவந்த பெரிய தேசப்படப் புத்தகத்தை அதற்கு அடியில் வைத்தார்.

"இன்னிக்குத்தான் அந்தப் புத்தகத்தால ஒரு பிரயோஜனம்" என்றார் பல்லக்கா.

"உலகமே உனக்கு அடியில இருக்கு, பேசு" என்றார் வாத்தியார்.

நன்றாகத்தான் போனது. கண்ணாடியம்மா தொழில் தெரிந்தவர். எந்தப் பொடி, எத்தனை அடுக்கு, விளிம்பில் நிறம் மங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பல்லக்கா பதில் சொல்லச் சொல்ல நான் மொழிமாற்றிக்கொண்டே வந்தேன். சில இடங்களில் என்னை விட்டுவிட்டு இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். இப்போதும் அந்த வேலையைத்தான் செய்கிறீர்களா என்று கேட்டபோது, நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தபடி, ஆமாம், தினமும் என்றார் பல்லக்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஓர் அந்நியரிடம் அவர் சொன்னது இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

முடியப்போகும் நேரத்தில் மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் போனாள். கண்ணாடியம்மா சிரித்துவிட்டார். கிட்டே கூப்பிடச் சொன்னார். அவளும் வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா என்ன வேலை செய்றாங்கன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க" என்றேன்.

அவள் அம்மாவின் தோளை விட்டு நிமிர்ந்தாள். கைகள் பின்னால் போயின.

"அம்மா வேலைக்குப் போறதில்ல. வீட்டுலதான் இருக்காங்க."

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மருந்துக்கடையை மட்டும் விட்டுவிட்டாள்.

கண்ணாடியம்மா என்னைப் பார்த்தார். சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை, சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. பல்லக்காவிடமிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார். மகளும் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பதுபோல. பல்லக்கா திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதோடு முடிந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். விட்டுப்போன கை திரும்பப் பழக நாளாகும், இப்போது கையில் வேலை இருப்பவர்தான் எங்களுக்குத் தேவை, அந்த விஷயத்தில் எங்களுக்குத் தெளிவு கிடைக்கவில்லை.

என் மேலாளர் இதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள், இன்னொரு முறை பேச நேரம் வாங்கித்தருகிறேன் என்றார். எனக்கும் அது சுலபமாகத்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பல்லக்காவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தவில்லை.

"வேண்டாம்" என்றார்.

"என்னக்கா, ஒரே ஒரு வார்த்தை. பிடிபடாம இருக்கறதுக்காக அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தோம்னு சொன்னா முடிஞ்சுது."

"என்னன்னு சொல்லுவே? திருட்டுத்தனமா வேலை பாத்தேன்னு சொல்லு, சொல்லிக்கோ. பாதிச் சம்பளத்துக்குப் பாத்தேன்னு சொல்லு. பல்வலின்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்னு சொல்லு, அவங்களும் சிரிக்கட்டும். பெத்த பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தேன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

"அது பொய்யா அக்கா? தற்காப்பு."

"நீ படிச்ச வார்த்தையைப் போட்டு மூடாதே தங்கச்சி." அப்போதுதான் குழாயை நிறுத்தினார். "அந்தம்மா என்னைப் பொய்க்காரின்னு நினைச்சாலும் பரவாயில்ல. எனக்குத் தொழில் தெரியாதுன்னு நினைச்சாலும் பரவாயில்ல. அங்க போய் நாளெல்லாம் அவங்க பக்கத்துல உக்காந்து வேலை செய்யணும். பிள்ளையை வாசல்ல நிறுத்திப் பொய் சொல்ல வச்சவ இவதான்னு அவங்க மனசுல இருந்தா எனக்குக் கை ஓடுமா?"

வாத்தியார் அடுத்த அறையில்தான் இருந்தார். பெரிய வீடு இல்லை, எல்லாம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை. நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். தேசப்படப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு ஆட்கள் இருந்தார்கள், வேறு நேர்காணல்கள் இருந்தன. அவரை வற்புறுத்துவதற்கு எனக்கு என்ன தகுதி என்றும் இருந்தது. எல்லா வாசலிலும் உண்மையைச் சொல்லி உள்ளே போனவள் நான். அது என் நல்ல குணம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே பல்லக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. வேலைக்குப் போகவேண்டிய நேரம்.

"அந்தம்மாவுக்குப் போன் போடு."

"என்னக்கா ஆச்சு?"

உள்ளே வந்து, டீ வாங்கி வைத்து, அது ஆறும்வரை பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். முந்தின நாள் மாலை மகள் பாடம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டிருக்கிறாள்: "என்னாலதான் நாம போகலையாம்மா?" யார் சொன்னது என்று அதட்டியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவளாகவே கேட்டிருக்கிறாள். அப்புறம் சொல்லியிருக்கிறாள்: "கதவைத் தட்டறவங்க கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்தீங்க. கம்ப்யூட்டர்ல கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுக்கலையே."

"அவளைப் பொறுத்தவரைக்கும் அது வாய்ப்பாடு மாதிரி" என்றார் பல்லக்கா. "ரெண்டெட்டு பதினாறுன்னா பதினாறு. பொய்யின்னுகூடத் தெரியாது. தப்பு என்னோடது, அழுதுக்கிட்டு உக்காந்திருக்கிறது அவ. போன் போடு."

பையில் ஒரு பிளாஸ்டர் அச்சும் மெழுகுக் கட்டியும் செதுக்கும் கத்தியும் சின்ன ஸ்பிரிட் விளக்கும் இருந்தன. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எதற்கு என்பதையும் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அவர் மறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க. எங்க கூடத்துப் பேரை மட்டும் சொல்ல வேணாம்" என்றாராம், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

"பாவம்" என்றார் பல்லக்கா. "என் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல. சாவியைத் தேடற மாதிரி சட்டைப்பையைத் துழாவறார், பேனாவை எடுக்கறார், வைக்கறார். நானே வெளிய வந்துட்டேன்."

அன்று மதியம் பேச நேரம் கிடைத்தது. வாத்தியாரும் வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்காகவே அந்த நேரம். கண்ணாடியம்மா திரையில் வந்ததும் பல்லக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. விளக்கை ஏற்றினார், கத்தி முனையைச் சூடாக்கினார், மெழுகைத் தொட்டு அச்சில் இருந்த வெற்று இடத்தில் சொட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மெழுகுக்குமேல் மெழுகு ஏறியது. ஏற்றியதைவிட அதிகம் சுரண்டி எடுத்தது போலத்தான் எனக்குப் பட்டது. கடைசியில் அங்கே ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. பக்கத்துப் பல்லில் இருந்த தேய்மானம் இதிலும் இருந்தது.

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "கை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நல்லாத் தெரியுதுன்னு சொல்றாங்க. அப்ப உங்க பொண்ணு ஏன் அப்படிச் சொன்னான்னு கேக்கறாங்க."

பல்லக்கா கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றார். "எங்களுக்கு இங்க வேலை செய்ய அனுமதி இல்ல. யாராவது வந்து கேட்டா நான் வேலைக்குப் போறதில்லன்னு சொல்லணும்னு அவளைப் பழக்கினேன். பெரியவங்க சொன்னா நம்ப மாட்டாங்க. குழந்தை சொன்னா நம்புவாங்க. அதுக்காக அவளையே கதவைத் திறக்க வச்சேன். அன்னிக்கு உங்க முன்னாடியாவது அது அப்படி இல்லன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அவ சொன்னது பொய்யின்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமேன்னு தலையைத் தடவிக்குடுத்தேன்."

நான் மொழிமாற்றினேன். எந்த மொழியில் சொன்னாலும் அந்த வாக்கியங்கள் சின்னதாகத்தான் இருந்தன. சொல்லி முடிக்கும்வரை பல்லக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது. "எனக்குப் புரிகிறது, உங்கள் நிலைமையில் நானும் இப்படித்தான் செய்திருப்பேன்" என்றெல்லாம் கண்ணாடியம்மா சொல்லியிருந்தால் பல்லக்கா எழுந்து போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மெழுகை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றார்.

பல்லக்கா காட்டினார்.

படியிறங்கும்போது வாத்தியார் என்னோடு பின்தங்கினார். பல்லக்கா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"கவனிச்சீங்களா?" என்றார் வாத்தியார். "நான், நான்னு சொன்னா."

"ஆமா சார்."

"யோசனை என்னோடது. குழந்தை சொன்னா நம்புவாங்கன்னு சொன்னது நான். வீட்டுல பாடம் எடுக்கறது யாரு? நான்தானே. கையைப் பின்னால கட்டிக்கோ, நிமிர்ந்து நில்லு, தெளிவாச் சொல்லு. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பசங்களைத் தயார் பண்ற மாதிரி பண்ணினேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. யாராவது கதவைத் தட்டினா எனக்கு வாய் வராதும்மா. வகுப்புல எத்தனை பேரைப் பொய் சொன்னதுக்காக பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன். அதனால பிள்ளையை அனுப்பிட்டு நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன், எங்கயாவது தப்பு விடறாளான்னு."

முன்னால் போன பல்லக்கா திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் அங்க என்ன மாநாடு? பிள்ளை வர்ற நேரமாச்சு" என்றார்.

வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று பல்லக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "அங்க போனதும் உன் பல்லைச் சரியா ஒண்ணு செஞ்சு அனுப்பறேன்" என்றார். மகள் அந்த நாட்டின் கொடியை வரைந்து கதவுக்கு உள்பக்கம் ஒட்டினாள்.

ஆனால் வேலை கிடைப்பது ஒன்று, கிளம்புவது வேறு. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, அந்த நாட்டுத் தூதரகம், இந்த நாட்டின் அனுமதி என்று மாதங்கள் போகும். அதுவரை வாடகை கொடுக்க வேண்டும். அதனால் பல்லக்கா அடித்தளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இத்தனை நாள் பிடிபட்டிருந்தால் இங்கே தங்கும் உரிமைதான் போயிருக்கும். இப்போது பிடிபட்டால் வெளியே போகும் அனுமதியும் போய்விடும், காத்திருக்கிற வேலையும் போய்விடும். எங்கள் அலுவலகம் அவரிடம் வேலைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. எதுவும் கேட்காமல் இருந்தோம். மறைப்பதில் அவர்கள் தேர்ந்ததைவிடக் கேட்காமல் இருப்பதில் நாங்கள் தேர்ந்துவிட்டோம்.

பல்லக்கா ஒன்று மட்டும் செய்தார். மகளை உட்காரவைத்து, இனிமேல் நீ கதவைத் திறக்கக் கூடாது, யார் தட்டினாலும் போகக் கூடாது என்றார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "நீ வளந்துட்டே, அதனால" என்றாராம். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. சரி என்றாள்.

விசா படிவத்துக்குப் புகைப்படங்கள் வாங்குவதற்காக ஒரு மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். நான் தட்டியபோதே வெகுநேரம் யாரும் வரவில்லை. என் குரலைக் கேட்ட பிறகுதான் வாத்தியார் திறந்தார். பல்லக்கா வேலையில். மகளுக்குப் பள்ளி விடுமுறை. தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, போகப்போகிற நாட்டின் நதிகளைத் தேசப்படத்தில் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டுகிற மாதிரி இல்லை.

"அகதிகள் பதிவு அலுவலகம்" என்றது வெளியே ஒரு குரல். "ஆள் இருக்கறது கேக்குது. திறங்க."

மகள் வாசிப்பை நிறுத்தினாள். எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், கைகள் தாமாகவே பின்னால் போயின. இரண்டடி வைத்துவிட்டு, அம்மா சொன்னது நினைவுக்கு வந்ததுபோல நின்று, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் எழுந்து போகலாம்தான். எங்கள் அலுவலகத்து ஆள் அங்கே என்ன செய்கிறாள் என்ற கேள்வி வரும், அதிலிருந்து எல்லாம் வரும். நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

"நீ உக்காரு" என்றார் வாத்தியார்.

சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். போய்க் கதவைத் திறந்தார். நானிருந்த இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"உங்க மனைவி எங்கே?"

"வெளிய போயிருக்கா."

"வெளியன்னா? வேலைக்கா?"

மாடிப்படியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அது முழுவதும் போய் முடிகிறவரை வாத்தியார் பேசவில்லை. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எடுத்துக்கொடுக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"இல்லைங்க" என்றார் வாத்தியார். "அவ வேலைக்குப் போறதில்ல. வீட்டுலதான் இருக்கா. இப்ப மருந்து வாங்கப் போயிருக்கா."

"யாருக்கு மருந்து?"

குழந்தையிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதற்குப் பதில் தயாராக இல்லை.

"எனக்குத்தான்" என்றார்.

வந்தவர் அவரை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். "ஆமா, முகமெல்லாம் ரத்தமாட்டம் இருக்கே. காய்ச்சல்ல ஏன் சார் எந்திரிச்சு வர்றீங்க? போய்ப் படுங்க" என்றார். அவருடைய குரலில் நிஜமான அக்கறை இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வாத்தியார் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தாழ்ப்பாள்மேல் வைத்த கையை எடுக்காமல், கதவில் ஒட்டியிருந்த கொடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் படங்களைப் பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன்.

மகள்தான் எழுந்து போனாள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"உங்க காது ரெண்டும் சிவந்து போச்சுப்பா" என்றாள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும். எனக்கும் மொதல்ல அப்படித்தான் ஆச்சு."